வீட்டில் மின்சார வெந்நீர்: அமைக்கும் முறையும் காப்பு வழிகளும்

மார்கழி, தை மாதங்களில் சிறுமலைப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கினால், திண்டுக்கல் சமவெளியில் விடியற்காலைக் குளியலுக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. முன்பெல்லாம் வீட்டுப் புறக்கடையில் மூன்று கல் கூட்டி, தவலையை ஏற்றி, பருத்திமாரையும் சுள்ளியையும் தென்னை மட்டையையும் எரித்து வெந்நீர் வைப்பார்கள். வசதியுள்ள வீடுகளில் பித்தளைப் பாய்லர் இருந்தது. விறகு சேர்ப்பதும், புகையில் கண் கலங்க ஊதுவதும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பாகவே இருந்து வந்தன. அந்தச் சுமையை மின்சாரம் இறக்கி வைத்திருப்பது வரவேற்கத் தக்கதே.

நம் மாநிலத்தில் பைகாரா மின் நிலையம் 1932ஆம் ஆண்டிலும், மேட்டூர் நிலையம் 1937ஆம் ஆண்டிலும், பாபநாசம் நிலையம் 1944ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. கிராமங்களை எட்டிய மின்சாரம் முதலில் தெரு விளக்குக்கும் கிணற்று மோட்டாருக்கும் பயன்பட்டது. பின்னர் வீட்டு விளக்கு, விசிறி, மாவரைக்கும் இயந்திரம் என்று படிப்படியாக உள்ளே வந்தது. இன்று குளியலறையிலும் நுழைந்துவிட்டது. ஆனால் மற்ற அறைகளுக்கும் குளியலறைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மற்ற அறைகளில் நாம் உலர்ந்த உடலோடும், பல வேளைகளில் காலணியோடும் மின் சாதனங்களைத் தொடுகிறோம். குளியலறையிலோ உடல் முழுதும் ஈரம். வெறுங்கால் ஈரத் தரையில் ஊன்றியிருக்கிறது. ஆகவே விளக்குக்கும் விசிறிக்கும் போதுமென்று நாம் கருதும் முன்னெச்சரிக்கை வெந்நீர்ச் சாதனத்துக்குப் போதாது. எவ்வளவு வேண்டும், ஏன் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

சாதனங்கள் மூவகை

முதலாவது, வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் கம்பி. விலை குறைவு, ஆதலால் கிராமங்களில் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது. ஆபத்தும் இதிலேதான் மிகுதி. இரண்டாவது, சுவரில் பொருத்தும் தொட்டி வகைக் கீசர். இது 6, 10, 15, 25 லிட்டர் அளவுகளில் கிடைக்கிறது. பெரும்பாலும் 2000 வாட் திறனுடையது. மூன்றாவது, உடனடிக் கீசர். இது 3 லிட்டர் அளவுள்ள சிறு கலம். பெரும்பாலும் 3000 வாட் திறனுடையது.

ஹீட்டர் கம்பியைப் பயன்படுத்துவோர் சில விதிகளை மறவாது காக்க வேண்டும். கம்பியைக் குறியிட்ட அளவு வரை நீரில் அமிழ்த்திய பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிய பின்னரே நீரைத் தொட வேண்டும். சூடு ஏறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் வழக்கம் உயிரைப் பறிக்கக் கூடியது. இரும்பு வாளி, அலுமினியப் பாத்திரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியாயின் கம்பி அதன் மேல் படாதவாறு நடுவில் தொங்க வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதை வைக்கவே கூடாது. வசதி ஏற்படும்போது இதை விட்டுவிட்டு, முறையாகப் பொருத்திய தொட்டி வகைக் கீசருக்கு மாறுவது நல்லது.

எந்த வகையாயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். தொட்டி வகைக் கீசருக்கு உரிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2082 ஆகும். அந்த எண் பெட்டியின் மேலும் கீசரின் தகட்டிலும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்க.

எர்த் எதற்காக?

கீசரின் உள்ளே சூடேற்றும் கம்பி ஓர் உலோக உறைக்குள் இருக்கிறது. நாளடைவில் அந்த உறை அரித்துப் போனால், மின்சாரம் நீருக்கும் தொட்டிக்கும் பரவும். அவ்வேளையில் குழாயையோ, விழும் நீரையோ தொடுபவர் வழியாக மின்சாரம் தரையை அடையப் பார்க்கும்.

ஈர உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கும், அதற்குக் கீழேயும் இறங்கக் கூடும். 230 வோல்ட் மின்சாரம் 1000 ஓம் வழியே பாய்ந்தால் 230 மில்லி ஆம்பியர் ஆகிறது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 50 மில்லி ஆம்பியர் ஒரு விநாடிக்கு மேல் நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்புக் குலைந்து மரணம் நேரலாம். 15 வாட் இரவு விளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர். அந்தச் சிறு விளக்கை எரிக்கும் அளவே ஒருவரின் உயிரைப் போக்கப் போதுமானது என்பதை உணர்ந்தால், அலட்சியத்துக்கு இடமிராது.

எர்த் என்பது, இவ்வாறு கசியும் மின்சாரத்துக்கு நம் உடலைவிட எளிதான ஒரு பாதையை மண்ணுக்குள் அமைத்துத் தருவதாகும். மூன்று முனைப் பிளக்கில் தடித்த முனை இதற்காகவே இருக்கிறது. அதை வெட்டிவிட்டு இரு முனைத் துளையில் செருகுவோர் காவலைத் தாமே அகற்றிவிடுகிறார்கள்.

"எர்த் இல்லாமலே வெந்நீர் வருதுங்கண்ணே, எதுக்கு வீண் செலவு?" என்று சொல்லும் வேலைக்காரர்கள் உண்டு. அவர் சொல்வது உண்மைதான். எர்த் இல்லாமலும் வெந்நீர் வரும். கம்பி பழுதாகும் நாள் வரை எந்த வேறுபாடும் தெரியாது. அந்த நாளில் எர்த் தேவைப்படும். அப்போது போய் அமைக்க முடியாது.

எர்த் மட்டும் போதுமா?

இங்கே திண்டுக்கல் வட்டாரத்து மக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரை, சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம் முதலிய பகுதிகளில் மண் செம்மண். சற்று ஆழத்திலேயே பாறை தட்டுகிறது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்து, பங்குனி, சித்திரையில் மண் நன்றாகக் காய்ந்துவிடுகிறது. ஈரமுள்ள வண்டல் மண் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். காய்ந்த சரளையும் பாறையும் ஏற்பதில்லை. ஆகவே காவிரிப் படுகையில் நன்கு பயன்படும் எர்த், இங்கே அதே அளவு பயன்படும் என்று கருத இயலாது.

இதை ஒரு சிறு கணக்கால் காண்போம். ஒரு வீட்டு எர்த்தின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசரில் பழுது ஏற்பட்டுத் தொட்டியில் 230 வோல்ட் பாய்ந்தால், எர்த் வழியாகச் செல்லக் கூடிய மின்னோட்டம் அதிகமாகப் போனால் 11 ஆம்பியர். கீசருக்குப் போட்டிருக்கும் எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு 16 ஆம்பியருக்கு உரியது. 11 ஆம்பியரை அது வழக்கமான சுமை என்றே எண்ணும், அணையாது. எர்த் இருந்தும், எம்.சி.பி. இருந்தும், தொட்டியில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். பலர் அறியாத அபாயம் இதுவே.

எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனை அன்று. மனிதனைக் காப்பதற்கு ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு காப்புச் சுவிட்சு தனியாக உண்டு. இதன் இயக்கம் எளிது. பேஸ் கம்பி வழியே வீட்டுக்குள் செல்லும் மின்சாரம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியே திரும்பி வர வேண்டும். இவ்விரண்டையும் இச்சுவிட்சு ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. போனதைவிட வந்தது குறைந்தால், அக்குறை எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்று பொருள். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் விநாடியில் பத்தில் மூன்று பங்குக்குள்ளும், 150 மில்லி ஆம்பியராயின் விநாடியில் நூற்றில் நான்கு பங்குக்குள்ளும் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதே ஏற்றது. 100, 300 என்று குறியிட்டவை தீ விபத்தைத் தடுக்க உதவுமேயன்றி ஆளைக் காப்பாற்ற உதவா.

மேலே சொன்ன வீட்டில் இச்சுவிட்சு இருந்திருந்தால், 11 ஆம்பியர் கசிவு என்பது 30 மில்லி ஆம்பியரைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேல். கண் இமைக்கும் முன்பே மின்சாரம் நின்றிருக்கும். வறண்ட மண்ணில் எர்த்தின் தடை 100 ஓம் அளவுக்கு ஏறினாலும் இச்சுவிட்சு தவறாது. எனினும் இது இருக்கிறதென்று எர்த்தை விட்டுவிடலாகாது. எர்த் இருந்தால், பழுது ஏற்பட்ட அக்கணமே, ஒருவரும் தொடுமுன்பே மின்சாரம் நிற்கும். எர்த் இல்லையேல், ஒருவர் தொட்டு, அவர் உடல் வழியாகக் கசிந்த பிறகே நிற்கும். ஆகவே இரண்டும் வேண்டும்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருடனுக்கு அஞ்சி வாசலுக்கு நல்ல பூட்டுப் போடும் நாம், குளியலறைக்கு வரும் மின்சாரத்துக்கும் ஒரு பூட்டுப் போடுவது முறையல்லவா?

இச்சுவிட்சின் முகத்தில் 'டி' என்று குறியிட்ட பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்த வேண்டும். சுவிட்சு விழுந்தால் நலமாக இருக்கிறது. விழாவிட்டால் மாற்ற வேண்டும். அடிக்கடி தானே விழுகிறதென்று அதை அகற்றி நேராக இணைத்துவிடுவோர் உண்டு. அது நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதே சரியான வழி.

எர்த் குழி அமைத்தல்

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, நிழலும் ஈரமும் உள்ள இடமாகத் தெரிந்தெடுக்க வேண்டும். துணி துவைக்கும் இடத்து நீர் ஓடும் பக்கம் நல்லது. 40 மில்லிமீட்டர் உள்விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறி இட்டு நிரப்புவது நெடுங்கால முறை. பாறை தட்டினால் குழாயைக் குட்டையாக வெட்டிவிடுவது தவறு; செங்குத்திலிருந்து 30 பாகை வரை சாய்த்து இறக்கலாம். அதுவும் இயலாவிடில், இரண்டு மூன்று குழாய்களைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் பதித்து ஒன்றாக இணைக்கலாம். மேலே சிறு தொட்டி கட்டி மூடியிட்டு, கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் நீர் ஊற்றி வர வேண்டும். உப்பு இரும்பை அரிக்குமாதலால், மேல் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது அவசியம்.

செய்யக் கூடாதவை மூன்று. முதலாவது, தண்ணீர்க் குழாயை எர்த்தாகக் கொள்வது. இன்றைய குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. இரண்டாவது, எர்த் முனையை நியூட்ரலோடு வீட்டுக்குள்ளேயே இணைத்துவிடுவது. என்றேனும் நியூட்ரல் கம்பி அறுந்தால், கீசர் உடல் முழுதும் 230 வோல்ட் ஏறிவிடும். மூன்றாவது, நியூட்ரல் வராதபோது எர்த்தையே நியூட்ரலாகப் பயன்படுத்துவது. அப்போது அந்த எர்த்தோடு இணைந்த எல்லாச் சாதனங்களிலும் மின்சாரம் ஏறி நிற்கும். ஒரு வீட்டார் செய்யும் இத்தவறு, எர்த் பொதுவாக இருந்தால் அடுத்த வீட்டாரையும் தாக்கும்.

கம்பியும் சுவிட்சும்

2000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியரும், 3000 வாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். விளக்குக்கு இழுத்த மெல்லிய கம்பியில் இதைக் கோத்தால் கம்பி சூடேறி உருகும். மெயின் போர்டிலிருந்தே கீசருக்கெனத் தனி வழி இழுக்க வேண்டும். 2000 வாட்டுக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், 3000 வாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் பொருத்தம். எர்த் கம்பியும் அதே பருமனில் இருக்கட்டும். சாக்கெட்டு 16 ஆம்பியர் வகையாதல் வேண்டும். இடையில் ஒட்டுப் போடாத ஒரே நீளக் கம்பியே நல்லது.

சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, ஈரக்கை எட்டாத இடத்தில் அமைக்க வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டைச் சுவிட்சே உகந்தது. ஒற்றைச் சுவிட்சாயின், எங்கேனும் கம்பி மாறியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் கீசரில் மின்சாரம் நிற்கும். நீர் சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கச் செல்வதை வீட்டு வழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

சுவரும் குழாயும்

15 லிட்டர் கீசர் நீர் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மண் சுவரிலும், உள்ளீடற்ற கல் சுவரிலும் ஆணி தாங்காது. நன்கு சுட்ட செங்கல் சுவரில் விரிவு போல்ட்டுகள் கொண்டு, நீர் தெறிக்காத உயரத்தில் பொருத்த வேண்டும்.

நீர் சூடேறினால் பெருகும். 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்றினால், ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். வழியில்லாவிடில் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். அதற்காகவே கீசரின் அடியில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து துளித்துளியாக நீர் சொட்டுவது பழுதன்று. அதுவே அதன் வேலை. சொட்டுகிறதென்று அதை அடைப்பவர், மூடியை இறுக்கி அடுப்பில் வைத்த பானையைப் போலக் கீசரை ஆக்கிவிடுகிறார். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே வேளையில் பழுதானால் தொட்டி வெடிக்கும்.

வெந்நீர் செல்லும் பக்கத்துக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் உதவாது, சூட்டில் இளகிவிடும். சி.பி.வி.சி. குழாயே இட வேண்டும். வெப்பத்தை 60 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம். அச்சூட்டு நீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு இன்னும் விரைவில். வாளியில் முதலில் தண்ணீரும் பின்னர் வெந்நீரும் விடுவது நல்ல பழக்கம்.

தண்ணீர் வராத நாளும் உப்பு நீரும்

நம் பகுதியில் நாள்தோறும் குழாயில் நீர் வரும் என்று சொல்ல முடியாது. மேல்நிலைத் தொட்டி வற்றியிருக்கும்போது கீசரைப் போட்டால், சூடேற்றும் கம்பி வெறுமையில் எரிந்து உறை வெடிக்கும்; கசிவுக்குத் தொடக்கமும் அதுவே. வெந்நீர்க் குழாயைத் திறந்து, தடையின்றி நீர் விழுவதைப் பார்த்த பின்னரே சுவிட்சைப் போடுக.

ஆழ்துளைக் கிணற்று நீர் இங்கே கடினமானது. திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த சில இடங்களில் தோல் பதனிடும் தொழிற்கழிவால் நிலத்தடி நீரில் உப்பு ஏறியதையும் நாம் அறிவோம். கடின நீர் சூடேறும்போது சுண்ணாம்பு படிந்து, கம்பியின் மேல் ஓடாகக் கட்டும். வெந்நீர் வர நேரமாகும், மின்சாரம் வீணாகும், கம்பி அதிகச் சூட்டில் வெந்து வெடிக்கும். ஆகையால் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன்பே, கீசரைக் கழற்றிச் சுண்ணாம்பை நீக்க வேண்டும். தொட்டி அரிக்காதிருக்க உள்ளே ஒரு மக்னீசியக் கோல் இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது தேய்ந்து கரையும். அதையும் அப்போதே பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கு

15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 0.61 அலகு மின்சாரம் ஆகும். 2000 வாட் கீசருக்கு 18 நிமிடம் போதும். அதனோடு 20 லிட்டர் தண்ணீர் கலந்தால், 40 பாகைச் சூட்டில் 35 லிட்டர் குளிக்கும் நீர் கிடைக்கும். நாளுக்கு இரு முறை சூடேற்றினால் இரு மாதங்களில் ஏறத்தாழ 73 அலகு ஆகிறது. வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு கட்டணமின்றி என்று 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதை நினைவில் கொண்டால், கீசர் ஒன்றே அதில் எவ்வளவு எடுக்கும் என்பது விளங்கும். நாள் முழுதும் சுவிட்சைப் போட்டு வைப்பது காசுக்கும் கேடு, கருவிக்கும் கேடு. வெயில் மிகுந்த நம் சமவெளியில், மாடியுள்ள வீட்டார் சூரிய வெந்நீர்க் கலத்தைப் பற்றியும் எண்ணிப் பார்க்கலாம்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இயலாவிடில், உலர்ந்த பலகையின் மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால், மார்பின் நடுவே இரு கைகளையும் ஊன்றி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அவசியம்.

ஊராட்சி செய்யக் கூடியவை

வீட்டுக்குள் நடப்பது அவரவர் பொறுப்பு என்று ஊராட்சிப் பணியாளர் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. கிராம சபை கூடும் நாளில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேன் ஒருவரை வரவழைத்து, கசிவு காப்புச் சுவிட்சின் பொத்தானை அழுத்திக் காட்டச் செய்தால், பத்துச் சொற்பொழிவுகளுக்கு மேல் பயன் விளையும். அங்கன்வாடி, பள்ளி, ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றின் எர்த்தை மழைக்கு முன்னும் கோடையிலும் அளந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். புதிதாக வீடு கட்டுவோருக்கு, அடித்தளம் தோண்டும்போதே எர்த் குழியையும் தோண்டிவிடுமாறு எடுத்துச் சொல்லலாம். அப்போது செலவு மிகவும் குறையும்.

கீசர் பொருத்த வருபவரிடம் ஒவ்வொரு வீட்டாரும் ஆறு கேள்விகள் கேட்க வேண்டும்:

1. எங்கள் எர்த்தை அளந்து பார்த்தீர்களா?
2. 30 மில்லி ஆம்பியர் கசிவு காப்புச் சுவிட்சு இருக்கிறதா?
3. தனிக் கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர்?
4. சுவிட்சு இரட்டைச் சுவிட்சா, வெளியே இருக்கிறதா?
5. அழுத்த வால்வு திறந்திருக்கிறதா?
6. எர்த்தும் நியூட்ரலும் எங்கேனும் சேர்ந்திருக்கின்றனவா?

ஆறுக்கும் தெளிவான விடை வந்த பின்னரே கூலியைக் கொடுக்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வேலை தெரிந்தவர் இக்கேள்விகளை விரும்பியே விடை சொல்வார்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது உழவர் அறிந்த பாடம். கீசர் வாங்கும் வீட்டார் அதனோடு ஓர் எர்த் குழியையும் ஒரு கசிவு காப்புச் சுவிட்சையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவ்விரண்டுக்கும் பணம் போதாவிடில், கீசரை அடுத்த அறுவடைக்கு ஒத்திவைப்பதே அறிவுடைமை. அது வரை அண்டாவில் வைத்த வெந்நீரே நமக்குப் போதும்.